சட்டைப் பையில் இருந்த பேட்டரி

காவல் நிலையத்தில் இரண்டு விமானங்கள் இறங்கியிருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். இரண்டுக்கும் இறக்கை ஆள் நீளம். மஞ்சள் விமானம் ரைட்டரின் மேசையை முழுதாகப் பிடித்துக்கொண்டதால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நீல விமானத்தின் மூக்கில் இருந்த மர விசிறியில் ஒரு முனை உடைந்திருந்தது. உடைந்த இடம் கறுத்துக் காய்ந்திருந்தது. எல்லோரும் அதை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி பார்க்காமல் நடமாடினார்கள்.

"எதையும் தொடாதீங்க, கேஸ் பொருள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொடல சார். ஸ்டேஷனோட சேர்த்து ஏர்போர்ட்டும் நடத்துறீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பெட்டியோட வந்திருப்போம்" என்றாள் ரேடியோ.

ரேடியோ முன்பு பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். பேச ஆரம்பித்தால் அணைக்கப் பொத்தான் இல்லை என்பதால் டிப்போவில் வைத்த பெயர். இப்போது சர்வேயருக்கு உதவியாளர். சர்வேயர் நிலம் அளப்பவர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, இது தானாக மோதியதா, மோதவைத்ததா என்று சொல்லிவந்தவர். ஒரு நாள் கம்பெனிக்குப் பிடிக்காத உண்மையைச் சொன்னார். அதன்பிறகு தனியாகத் துப்பறிகிறார். வேலை போனது, பெயர் ஒட்டிக்கொண்டது.

"சுருக்கமா சொல்லிடறேன்" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "செத்தது பல் டாக்டர். இந்த ஊர்ல அவர் முன்னாடி வாயைத் திறக்காத பெரிய மனுஷன் கிடையாது. அதனால மேல இருந்து எனக்கு எவ்வளவு போன் வருதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பொம்மை விமானம் விடறது அவருக்குப் பைத்தியம். இந்த மஞ்சள், பழசு. வெளிநாட்டு இன்ஜின். அது கெட்டுப்போச்சு. புதுசு வாங்காம, நம்ம மெக்கானிக்கிட்ட போய் புல் வெட்டுற மெஷினோட இன்ஜினை இந்த நீல விமானத்துக்கு மாத்தித் தரச் சொன்னார்."

"புல் வெட்டுறதைப் பறக்க விடுறாங்களா! அப்ப எங்க வீட்டுக் கிரைண்டருக்கும் எதிர்காலம் இருக்கு" என்றாள் ரேடியோ.

"மெக்கானிக் காலையில விமானத்தைக் கொண்டுவந்து, டாக்டர் வீட்டுப் பின்கொட்டகையில வாலைத் தூணோட கட்டி, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுப் போனான். டாக்டர் அப்ப முன்பக்கம் பேஷண்ட் பார்த்துட்டு இருந்தார். மத்தியானம் கொட்டகைக்குப் போனார். இன்ஜின் சத்தம் வீட்ல கேட்டிருக்கு. ரொம்ப நேரம். சத்தம் நின்னதும் அவர் சம்சாரம் சாப்பிடக் கூப்பிடப் போயிருக்காங்க. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் கிழிஞ்சு கிடந்தார். ரத்தம் போயே செத்திருக்கார்."

"கத்தியிருப்பாரே?" என்றார் சர்வேயர்.

"கத்தியிருப்பார். இன்ஜின் அதைவிடச் சத்தமா கத்தியிருக்கும்."



"சரி, இதுல மெக்கானிக் எங்க வர்றான்?" என்றார் சர்வேயர்.

இன்ஸ்பெக்டர் மேசை டிராயரைத் திறந்து, ஒரு சிறிய பேட்டரியை எடுத்து வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் சிவப்புக் கனெக்டர் தொங்கியது. "இது டாக்டரோட சட்டைப் பையில இருந்தது. விமானச் சங்கத்துல எல்லாரையும் கேட்டுட்டேன். டாக்டர் விசிறி பக்கம் கையைக் கொண்டுபோறதுக்கு முன்னாடி பேட்டரியை உருவி பையில போட்டுக்குவாராம். சாமி கும்பிடுற மாதிரி, ஒரு நாள் தப்பாதாம். பேட்டரி போனா இன்ஜின் பொணம். இதோ பாருங்க." அவர் நீல விமானத்தின் விசிறியை ஒரு விரலால் சுண்டினார். அது அரைச் சுற்று சுற்றி நின்றது. "பேட்டரி பையில இருக்கும்போது இன்ஜின் எப்படி ஓடும்? வேற ஒருத்தன் வேற பேட்டரியோட வந்து, டாக்டர் கை விசிறியில இருக்கும்போது மாட்டிவிட்டிருக்கான். அப்புறம் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான். போன போட்டியில இந்த மெக்கானிக் ரிப்பேர் பண்ணின மஞ்சள் விமான இன்ஜின் வானத்துல நின்னு போச்சுன்னு டாக்டர் நடுத்தெருவுல நிக்கவச்சுத் திட்டியிருக்கார். காரணமும் கிடைச்சாச்சு. எல்லாத்துக்கும் மேல, பிடிச்சுட்டு வந்ததும் அவனே 'நான்தான் காரணம்'னு சொல்லிட்டான்."

"வேற ஏதாவது சொன்னானா?"

"அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாயே திறக்கல. டாக்டர் இருந்தா திறக்க வச்சிருப்பார்."

சர்வேயர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நீல விமானத்தைச் சுற்றிவந்தார். தொடக் கூடாது என்றால் குனியலாம் அல்லவா. இடது விலாவில் ஒரு சிறு கதவு, அதற்குள் சிவப்புக் கனெக்டரின் மறுபாதி. மஞ்சள் விமானத்திலும் அதே இடம், அதே சிவப்பு. மூக்குக்குப் பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்ரோல் தொட்டி. வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் உள்ளே தெரிந்தது. சுத்தமாகக் காய்ந்திருந்தது. உள்ளே போகும் ஒயர்கள் மெழுகு நூலால் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. ஜாக்கெட் ஓரம் தைத்ததுபோல, ஒரே இடைவெளியில் ஒரே முடிச்சு.

"தொட்டியில இருந்த பெட்ரோலை நீங்க எடுத்தீங்களா?"

"நாங்க எதையும் எடுக்கல. எப்படி இருந்துச்சோ அப்படியே தூக்கிட்டு வந்தோம்."

"நன்றி" என்றார் சர்வேயர்.

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டாள்: "காலித் தொட்டியைப் பார்த்துட்டு ஏன் இவ்வளவு சந்தோஷம்? என் பர்ஸைக் காட்டினா ஆடுவீங்க போலிருக்கே."

"கொலைகாரன் பேட்டரியைக் கழட்டிட்டுப் போனா இன்ஜின் அந்த நிமிஷமே நின்னிருக்கும். தொட்டியில பெட்ரோல் மிச்சம் இருக்கும். இது கடைசிச் சொட்டு வரைக்கும் ஓடியிருக்கு, ரேடியோ. அதை யாரும் நிறுத்தல. நிறுத்த அங்க யாருமே இல்ல."

அவர்களை வேலைக்கு அமர்த்தியவள் மெக்கானிக்கின் மனைவி. கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் ஷட்டர், மரக் கவுண்டர். பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் பட்டறை. அதற்கும் பின்னால் அடுப்பும் படுக்கையும். புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் சீட்டு கட்டி வரிசையில் காத்திருந்தன. முதலாளி உள்ளே போனது அவற்றுக்குத் தெரியாது.

"உள்ள வாங்க சார், வாங்கக்கா" என்றாள் அவள். கண் வீங்கியிருந்தது. இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டாள். "வக்கீல் இன்னிக்கும் ஒண்ணும் நடக்காதுன்னுட்டார். இவரே ஒத்துக்கிட்டாருன்னா யார் என்ன பண்ண முடியும்னு கேட்கிறார்."

"அந்த டாக்டர் விமானத்துக்கு இன்ஜின் மாத்தினப்போ கழட்டிப்போட்ட சாமானெல்லாம் எங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"எனக்கு மெஷின் விஷயம் ஒண்ணும் தெரியாது சார்" என்றாள் அவள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். "அவர் எல்லார்கிட்டயும் சொல்வாரு, இவகிட்ட ஸ்பேனரைக் கொடுத்தா அடுப்புல வச்சுக் கிண்டுவான்னு. கடைக்கு வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க."

"நீங்க?"

"நானும் சிரிப்பேன். வேற என்ன பண்றது?" அவள் மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தாள். "இதுலதான் போட்டு வைப்பாரு."

சர்வேயர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வட்டு. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மூடி. மெஷினின் பழைய பெட்ரோல் தொட்டி. கைப்பிடி. கிளட்ச்சை எடுத்தவர், அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவள் பேச்சோடு பேச்சாகக் கை நீட்டி, அதை நேராகத் திருப்பி, அவர் கையிலேயே மறுபடி வைத்தாள்.

ரேடியோ அதைப் பார்த்தாள். 

"பறக்கிறதுக்கு இதெல்லாம் வேண்டாத சுமை" என்றார் சர்வேயர். "கோழியைச் சுத்தம் பண்ற மாதிரிதான். இறகைப் பார்த்தா எந்தக் கோழின்னு சொல்லிடலாம். ஆனா இந்தக் குப்பையில ரெண்டு சாமான் இல்ல. காந்தம் வச்ச ஃப்ளைவீல், இன்ஜினோட சேர்ந்து சுத்துற சக்கரம். அது பக்கத்துல உட்கார்ற காயில், தீப்பொறி தர்ற கம்பிச்சுருள்."

"பழைய இரும்புக்குப் போயிருக்கும்" என்றாள் ரேடியோ.

"ஸ்டார்ட்டரும் கிளட்ச்சும் இங்கயே கிடக்கு. அது ரெண்டு மட்டும் தனியாப் போகுமா? எங்கயும் போகல. விமானத்துக்குள்ளதான் இருக்கு." சர்வேயர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். பல நாள் கழித்து அவர் குரலில் ஒரு துள்ளல் வந்திருந்தது. "டாக்டரோட பழைய வெளிநாட்டு இன்ஜினுக்குத் தீப்பொறி பேட்டரியில இருந்து வந்தது. பேட்டரியை எடுத்தா பொணம். சரிதான். புல் வெட்டுற மெஷின்ல ஏது பேட்டரி? சக்கரம் சுத்தும்போது காந்தம் காயிலைத் தாண்டிப் போகும், தீப்பொறி தானா வரும். கையால சுத்தினாலும் வரும். அதை நிறுத்தணும்னா ஸ்டாப் சுவிட்சை அமுக்கணும். நீல விமானத்துல இருந்த பேட்டரி ரேடியோவுக்கு மட்டும்தான்."

"எனக்கா?"

"ரிமோட்டுக்கு, வாலை ஆட்டறதுக்கு. அந்தப் பேட்டரியை எடுத்தாலும் எடுக்காட்டியும் இன்ஜினுக்குக் கவலையே இல்ல. டாக்டர் பேட்டரியை மாட்டி எல்லாம் ஆடுதான்னு பார்த்தார். உருவி பையில போட்டார். இனிமே பொணம்னு நம்பி, லேசாச் சுத்துதான்னு பார்க்க விசிறியைக் கையால சுத்தினார். காலையில ஓட்டிப் பார்த்த இன்ஜின், உள்ள பெட்ரோல் ஏறி இருக்கு. பிடிச்சுக்கிச்சு. யாரும் கொலை பண்ணலம்மா. இது விபத்து. உங்க வீட்டுக்காரர் வந்துடுவார்."

அவள் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். கை தானாகத் தாலியைத் தேடிப் பிடித்தது. பிறகு எதையோ யோசித்து நின்றாள்.

"சட்டைப் பையில பேட்டரி இருந்துச்சா? அதை யாரும் எனக்குச் சொல்லல" என்றாள்.

"போலீஸ் கேஸே அதுமேலதான் நிக்குது."

"அதை எடுத்துட்டா நின்னுடும்னு அவர் நினைச்சாரா?"

"பாவம், அவர் மேல தப்பில்ல. மஞ்சள் விமானத்துல கனெக்டர் எங்க இருந்துச்சோ, நீலத்துலயும் அதே இடத்துல, அதே சிவப்பு. கை பழக்கம்."

"கை பழக்கம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

மேசைமேல் ஒரு மெழுகு நூல்கண்டு ஊசி குத்தியபடி கிடந்தது. அவள் அதை எடுத்து, பிரிந்திருந்த நுனியைச் சுற்றி, டிராயருக்குள் வைத்து மூடினாள். "காபி போடறேன் சார்" என்றாள். ஆனால் அடுப்பு இருந்த பக்கம் போகவில்லை. ஷட்டர் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காபி அப்புறம். முதல்ல உங்க ஆளைக் கூட்டிட்டு வர்றோம்" என்று சர்வேயர் படி இறங்கினார். சந்தோஷமாக இருக்கும்போது அவர் கண் சரியாக வேலை செய்யாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோதும் அப்படித்தான்.

ஸ்டேஷனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ரேடியோ, உன் ஹேர்பின் ஒண்ணு கொடு."

"கட்டணம் உண்டு" என்று கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள்.

நீல விமானத்தின் மூக்கு மூடியில் காற்று போக ஒரு வாய் விட்டிருந்தார்கள். சர்வேயர் விசிறியை இன்ஸ்பெக்டரையே மெதுவாகத் திருப்பச் சொல்லி, ஹேர்பின்னை அந்த வாய்க்குள் நீட்டினார். கால் சுற்று. ஒன்றுமில்லை. அரைச் சுற்று. ஹேர்பின் அவர் விரலை விட்டுத் துள்ளி, உள்ளே எதிலோ ஒட்டிக்கொண்டது.

"காந்தம்" என்றார் சர்வேயர்.

கடையில் சொன்ன எல்லாவற்றையும் அவர் மறுபடி சொன்னார். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். தான் இத்தனை நாள் சுண்டி விளையாடிய விசிறியை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொட்டியில் ஒரு வாய் பெட்ரோல் மிச்சம் இருந்திருந்தால் அவர் எந்தக் கையால் சல்யூட் அடித்திருப்பார் என்று ரேடியோ முணுமுணுத்தாள்.

"அருமை சர்வேயர்" என்றார் இன்ஸ்பெக்டர். நிஜமாகவே மெச்சினார். "இது எங்களுக்குத் தோணவே இல்ல. ரெண்டாவது பேட்டரியைத் தேடி நாலு கான்ஸ்டபிள் சாக்கடையில இறங்கினாங்க. வேண்டியதே இல்ல."

"அப்ப அவனை விட்டுடலாமே?"

"விடறதா? நீங்கதானே இப்ப சொன்னீங்க. இந்த இன்ஜின் பேட்டரி இல்லாமலே ஓடும். அது செஞ்சவனுக்குத் தெரியும். டாக்டர் பேட்டரியை உருவிட்டு விசிறியில கை வைப்பார், அதுவும் அவனுக்குத் தெரியும். மஞ்சள்ல இருந்த அதே இடத்துல, அதே சிவப்புக் கனெக்டரை, இன்ஜினை நிறுத்தவே நிறுத்தாத ஒரு கனெக்டரை, கொண்டுபோய் வச்சிருக்கான். நிஜமா நிறுத்துற சுவிட்ச் எங்க இருக்கு?"

சர்வேயர் விமானத்தின் வெளிப்புறத்தைக் கண்ணால் தேடிவிட்டு, மூக்கு மூடியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"மூக்கு மூடிக்கு உள்ள. கண்ணுக்குத் தெரியாத இடத்துல." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "எலிப்பொறி சார் இது. நேத்து வரைக்கும் என் கையில இருந்தது கோபத்துல செஞ்ச கொலை. அதுலயும் ஆயிரம் ஓட்டை. இப்ப ஆளே இல்லாம, அழகா உட்கார்ந்து யோசிச்சு செஞ்ச கொலை. ரொம்ப நன்றி."

"இதுக்குத்தான் வாயை மூடிட்டு இருக்கிற உதவியாளர் வேணும்னு சொல்வாங்க. நம்ம ரெண்டு பேருல யார் ரேடியோன்னே தெரியல" என்றாள் ரேடியோ. குரலில் விளையாட்டு இல்லை.

"அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் சர்வேயர்.

லாக்கப்பில் மெக்கானிக் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். கம்பியைப் பிடித்து எழுந்தபோது இடது கையால்தான் பிடித்தான். வலது கட்டைவிரலில் கறுத்த கட்டு. கட்டு அவிழ்ந்த இடத்தில் நகம் இல்லை.

"கனெக்டரை அங்க வேணும்னு வச்சியான்னு கேட்கிறார் இன்ஸ்பெக்டர்."

"ஆமா சார். வேணும்னுதான் வச்சேன்."

"கட்டைவிரலுக்கு என்ன ஆச்சு?"

"ஃப்ளைவீல் கழட்டும்போது நசுங்கிடுச்சு. ரொம்ப நாளாச்சு."

"டாக்டரோட வேலை வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

மெக்கானிக் கையைப் பின்னால் மறைத்தான். அப்போதுதான் சர்வேயருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. அந்த விரலை வைத்துக்கொண்டு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. ஒயருக்கு ஒரே இடைவெளியில் மெழுகு நூல் முடிச்சு போட்டது வேறு கை. திரை போட்ட பட்டறை. தலைகீழாகப் பிடித்த கிளட்ச்சை நேராகத் திருப்பிய கை. டிராயருக்குள் போன நூல்கண்டு.

"எல்லாத்தையும் அவங்கதான் செய்றாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசினான். "நான் கவுண்டர்ல நிப்பேன் சார். பேசுவேன், மெஷினை வாங்குவேன், கொடுப்பேன். வேலையில பாதிக்கு மேல அவதான். என்னைவிட சுத்தமா செய்வா. பொம்பளை கை வச்ச மெஷின்னு தெரிஞ்சா எவன் கொடுப்பான்? அதான் திரை. இந்தத் தடவை விரலும் போனதால முழுக்க அவளே செஞ்சா. டாக்டருக்குக் கை பழகின இடம்னு அவளா யோசிச்சு அந்தக் கனெக்டரை அங்க வச்சா. நல்லதுக்குத்தான் வச்சா சார். சுவிட்சை நான் சாயங்காலம் போய்க் காட்டித் தர்றதா இருந்தேன். சட்டைப் பையில பேட்டரின்னு இவங்க சொன்னதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"இதைச் சொன்னா விபத்துன்னு ஆகும். அவங்களுக்குக்கூடப் பெருசா ஒண்ணும் வராது."

"கோர்ட்டு என்ன பண்ணும்கிறது இல்ல சார்." அவன் கம்பியில் நெற்றியை வைத்தான். "ஜெயிலுக்கு ஒரு கதவு இருக்கு. என்னிக்காவது திறப்பாங்க. தன் கையாலதான் ஒரு ஆள் கத்திக் கத்திச் செத்தான்னு அவளுக்குத் தெரிஞ்சா, அதுக்குக் கதவு எங்க இருக்கு? அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."



"நான் சொல்லிட்டேனே, தம்பி" என்றார் சர்வேயர்.

"என்ன சொன்னீங்க?"

"கை பழக்கம்னு."

வாசலில் ஷூ சத்தம் இல்லாத ஒரு நடை கேட்டது. ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். மெக்கானிக்கின் மனைவி வந்திருந்தாள். கடையிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். வழியில் அழுது முடித்திருந்தாள். நேராக இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போனாள்.

"அந்த இன்ஜினை மாத்தினது நான்தான் சார். கனெக்டரை அந்த இடத்துல வச்சதும் நான்தான். ஏமாத்த இல்ல. டாக்டர் கை தேடுற இடத்துலயே இருக்கட்டும்னு வச்சேன். அவரை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவள் நின்றபடியே சொன்னாள். ஸ்டார்ட்டரையும் கிளட்ச்சையும் எடுத்தது, ஃப்ளைவீலின் இறகுகளைக் கடைசலில் கொடுத்து இளைக்க வைத்தது, விசிறி உட்கார அலுமினியக் கட்டையில் துளை போட்டது, காந்தமும் காயிலும் இருப்பதால் பேட்டரியே வேண்டாம் என்பது, ஒயர்களை நூலால் கட்டியது. ஒரு சொல் தடுமாறவில்லை.

கேட்டு முடித்த இன்ஸ்பெக்டர் சர்வேயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வருத்தம் இருந்தது.

"காந்தம், காயில், பேட்டரி வேண்டாம். இதையே நீங்க இப்ப எனக்குச் சொன்னீங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்து வந்தீங்க?"

"அவங்க கடையில இருந்து" என்றார் சர்வேயர்.

"அங்கயும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவ்வளவுதான். நீங்க சொல்லிக்கொடுத்ததாத்தான் ஆகும், இனிமே உங்க சாட்சியும் செல்லாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், உங்க ரைட்டரோட மருந்தடிக்கிற மெஷினைச் சரிபண்ணினதே நான்தான்" என்றாள் அவள். "சோக் லீவருக்கு அடியில ஒரு பித்தளை வாஷர் இருக்கும். நான் போட்டது."

ரைட்டர் சங்கடத்தோடு பேனாவால் தலையைச் சொறிந்தார். "நான் போனப்போ, 'எனக்கு ஒண்ணும் தெரியாது, அவர் வந்ததும் கேளுங்க'ன்னு இவங்களே சொன்னாங்க சார். வாஷர் இருக்கலாம். அவர் இவங்ககிட்ட சொல்லியிருப்பார்."

"ஒரு ஸ்குரூ டிரைவர் கொடுங்க. அந்த இன்ஜினை இங்கயே பிரிச்சு மாட்டிக் காட்டறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்."

"அது கேஸ் பொருள்மா. தொடக் கூடாது."

ரேடியோ முன்னால் வந்தாள். "சார், நான் கண்டக்டரா இருந்தவ. யார் டிக்கெட் இல்லாம ஏறினாங்கன்னு முகத்தைப் பார்த்தே சொல்வேன். இந்தம்மா பொய் சொல்லல."

"பொய்னு நான் சொல்லலம்மா. புருஷனைக் காப்பாத்த எந்தப் பொண்டாட்டியும் சொல்றதுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் லாக்கப் பக்கம் திரும்பினார். "என்னப்பா, உன் சம்சாரம்தான் இன்ஜின் வேலையெல்லாம் செய்யுமாமே? அப்படியா?"

மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் முகத்தைத் துடைத்தான். பிறகு, கவுண்டரில் நிற்கும்போது வரும் அந்தப் பழைய உரத்த குரலை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்தான்.

"இவளா? இவகிட்ட ஸ்பேனரைக் கொடுத்தா அடுப்புல வச்சுக் கிண்டுவா சார்!"

ரைட்டர் சிரித்துவிட்டார். கடையில் அதே வார்த்தைக்கு முன்பும் சிரித்தவர்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதும், கடை வாசலில் எத்தனையோ முறை செய்ததுபோல, அவள் முந்தானையால் வாயை மூடி, தலையைக் குனிந்து, லேசாகச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் தான் செய்தது அவளுக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"அம்மாவை வீட்ல கொண்டுபோய் விடுங்க, சர்வேயர்" என்றார்.